கீழ்த்தளத்துக் கல்யாணம்

போன வாரம், புதிதாக எம்.எல்.ஏ. ஆகியிருக்கும் உங்களில் சிலர் என்னைப் பார்க்க மந்தைவெளி வீட்டுக்கு வந்திருந்தீர்கள். எல்லாரும் புது வெள்ளையில் இருந்தீர்கள். கஞ்சி மொடமொடப்பு இன்னும் போகவில்லை. பேரவையில் கேள்வி எப்படிக் கேட்பது, அமைச்சர் மழுப்பினால் துணைக்கேள்வி எப்படிப் போடுவது, மணி அடிப்பதற்குள் எப்படிப் பேசி முடிப்பது என்றெல்லாம் கேட்டீர்கள். மணி விஷயம் சுலபம். தொகுதிக்கு வேண்டியதை முதலில் கேட்டுவிடுங்கள், தலைவரைப் புகழ்வதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். புகழும்போது மணி அடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மற்றதெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள்.

ஆனால் ஒருவர்கூட முகூர்த்த நாளைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பேரவை வருஷத்தில் கொஞ்ச நாள்தான் கூடும். முகூர்த்தம் அப்படியா? ஆவணியிலும் தையிலும் வைகாசியிலும் வரிசைகட்டி வந்து நிற்கும். மயிலாப்பூரில் ஒன்று, அடையாறில் ஒன்று, தி.நகரில் நாலு என்று அத்தனைக்கும் ஒரே காலை நேரம். எம்.எல்.ஏ. வரவில்லை என்றால் அந்த வீட்டுக்காரர் அடுத்த தேர்தல் வரை மறக்கமாட்டார். வந்தால் மறுநாளே மறந்துவிடுவார். நம் தொழிலின் லட்சணம் அது.

நான் மந்தைவெளியில் தையல் கடை வைத்திருந்தவள். முதலில் கவுன்சிலர், அப்புறம் எம்.எல்.ஏ. புதிதாகப் போன சமயம், எதிர்வரிசையில் இருந்த ஒரு மூத்த உறுப்பினர் தேநீர் இடைவேளையில் என்னைப் பார்த்து, "கல்யாணத்துக்குப் போற இடத்துல சாப்பிடறியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நிறுத்திடு. ஒரு வீட்டுல கை நனைச்சா அத்தனை வீட்டுலயும் நனைக்கணும். எங்கயும் நனைக்கலைன்னா எவனும் கேக்கமாட்டான்." அவர் கட்சி வேறு, என் கட்சி வேறு. ஆனால் சொன்னது சத்தியம். அன்றிலிருந்து விடியலில் வீட்டில் இரண்டு இட்லி, கல்யாணத்தில் ஒரு கரண்டி பாயசம், அவ்வளவுதான். பந்தி வாசனையை மூக்கால் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு பதவிக்காலம் முழுக்க ஓட்டியிருக்கிறேன். முருங்கைக்காய் சாம்பார் வாசனை வரும்போது படுகிற பாடு இருக்கிறதே, அதை எந்தப் பேரவைக் குறிப்பிலும் எழுதமாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரப்போகிறது. தாலியைத் தேங்காய் மேல் வைத்துத் தட்டில் எல்லாரிடமும் காட்டுவார்கள், தொட்டு ஆசீர்வதிப்போம். கடைசியில் பெரிய மனிதர் ஒருவர் அதை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுப்பார். நம் ஊரில் எம்.எல்.ஏ. எடுத்துக் கொடுத்தால் அது தனி கௌரவம். ஆனால் என் வீட்டுக்காரர் நான் அரசியலுக்கு வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். பொட்டை நான் விடவில்லை, கலர் புடவையையும் விடவில்லை. இருந்தாலும் தொகுதியில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். முன்வரிசையில் சோபா போடுவார்கள், மாலை போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். அந்தத் தட்டு மட்டும் எனக்கு முன்னால் வந்ததும் வேறு பக்கம் திரும்பிவிடும். யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. எனக்கு வலிக்கும். வலிக்கவில்லை என்று மேடையில் சொல்லியிருக்கிறேன், இப்போது ஓய்வு பெற்றாயிற்று, உண்மையைச் சொன்னால் என்ன?

இப்போது கதைக்கு வருகிறேன்.

ஒரு வைகாசி முகூர்த்தம். தி.நகரில் துணிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் வீட்டுக் கல்யாணம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடையைப் பெரிதாக வளர்த்தவர். எங்கள் கட்சிக்கு வேண்டியவர். மண்டபத்தில் மாடியில் குளிர்சாதன ஹால், கீழே சின்ன ஹால். என் உதவியாளர் பாஸ்கர் காலையிலேயே சொல்லிவிட்டான், "அக்கா, மத்ததெல்லாம் லேட்டானா சமாளிச்சிக்கலாம். அண்ணாச்சி வீட்டுல மட்டும் தாலி கட்டும்போது நீங்க நிக்கணும்."

வண்டி வாசலில் நின்றது. பாஸ்கருக்கு ஏதோ போன். நான் இறங்கினேன். கொடி கட்டிய வண்டியைப் பார்த்ததும் வாசலில் நின்ற நாதஸ்வரக்காரர் ஒரு உற்சாகத்தில் ஆரம்பித்துவிட்டார். நாலு பெண்கள் பன்னீர் தெளித்தார்கள். யாரோ என் தோளில் ஒரு பச்சைத் துண்டைப் போட்டார். பொன்னாடைக்கு வழியில்லை, கையில் கிடைத்தது அது, விலைச்சீட்டுகூடத் தொங்கிக்கொண்டிருந்தது. கும்பல் என்னை அப்படியே உள்ளே கூட்டிக்கொண்டு போனது. மேடையில் தெர்மகோல் எழுத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. சரவணன், மீனா. அண்ணாச்சி மகள் பெயர் மீனா இல்லை.

பின்னாலேயே ஓடிவந்த பாஸ்கர் என் காதில், "அக்கா, நம்ம கல்யாணம் மாடியில. இது வேற. வாங்க, நைசா திரும்பிடலாம்" என்றான்.

இந்தத் தப்பைச் செய்யாத அரசியல்வாதி தமிழ்நாட்டில் கிடையாது. நீங்களும் செய்வீர்கள். அப்போது என்ன செய்ய வேண்டும் என்றால், ஒரு கும்பிடு, ஒரு அட்சதை, ஒரு சிரிப்பு, கிளம்பு. நானும் கும்பிடத்தான் கையைத் தூக்கினேன். தூக்கிய கை பாதியில் நின்றுவிட்டது, ஏனென்றால் மேடையில் கல்யாணமே நின்றுபோயிருந்தது.

மாப்பிள்ளை மணையிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தான். பெண் உட்கார்ந்திருந்தாள், முகத்தில் ஒரு பிடிவாதம். தாலித் தட்டு ஒரு பெரியவர் கையில் இருந்தது. அவர் அதைக் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா எடுத்துக் குடுத்தாத்தான் கட்டுவேன், பெரிப்பா" என்றான் மாப்பிள்ளை.

"எனக்கும் அத்த வந்தாத்தான்" என்றாள் பெண், தலையை நிமிர்த்தாமல்.

"பேஜார் பண்ணாதடா சரவணா. நல்லது கெட்டது தெரியாமப் பேசாத" என்றார் அந்தப் பெரியவர். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அண்ணன், பெயர் கோதண்டம், வியாசர்பாடிக்காரர். தம்பி காலமான பிறகு அந்தக் குடும்பத்தின் நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னால் நின்றவர். பொல்லாதவர் இல்லை. பயந்தவர். "நாளிக்கு புள்ளைங்களுக்கு இன்னா ஒண்ணு ஆச்சுன்னாலும் ஊரு என்னைத்தான் கேக்கும். எனக்கு மட்டும் ஆசையா?"

அம்மா எங்கே என்று பார்த்தேன். சாப்பாட்டுக் கூடத்து வாசலில், கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். புதுப் புடவையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. எங்கேயோ பார்த்த முகம். அவளே நினைவுபடுத்தினாள், "நான் கற்பகம்மா. அபிராமபுரத்துல இஸ்திரி வண்டி. ஓட்டு கேக்க வந்தப்போ எங்கிட்ட நின்னு பேசினீங்களே." சொல்லிவிட்டு மகனைப் பார்த்து, "வாணாம்பா. நான் இங்கியே கீறேன். இங்கிருந்தே நல்லாத் தெரியுது. நீ உக்காரு, நேரம் போது" என்றாள்.

அந்த இஸ்திரி வண்டியில் கரிப்பெட்டியைத் தேய்த்துத்தான் அவனை வளர்த்திருக்கிறாள். அவன் தாலி கட்டுவதைக் கதவோரத்திலிருந்து பார்த்தால் போதும் என்கிறாள்.

அந்த நேரம் பார்த்துக் கோதண்டத்துக்கு என் மேல் கண் விழுந்தது. முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. "எம்மெல்லே அம்மாவே வந்துகீறாங்க. சாமியே அனுப்பின மாதிரி. அம்மா எடுத்துக் குடுக்கட்டும். இதவிட இன்னாடா மரியாதை வேணும் உனக்கு?"

ஹாலே பெருமூச்சு விட்டது. ஐயர், "பேஷ். யார் எடுத்துக் கொடுத்தாலும் எனக்குச் சரி. முகூர்த்தம் தாண்டிண்டிருக்கு, நேக்கு அடுத்து நங்கநல்லூர்ல ஒரு கல்யாணம்" என்றார். மாப்பிள்ளையும் ஒரு நிமிஷம் தடுமாறினான். எம்.எல்.ஏ. முன்னால் முரண்டு பிடிக்க யாருக்குத்தான் கூச்சமாக இருக்காது? நான் வாயைத் திறப்பதற்குள் தட்டு என் கைக்கு வந்துவிட்டது.

அத்தனை வருஷம் என்னைத் தாண்டித் தாண்டிப் போன தட்டு. வேறு பேட்டைக்காரர், என் கதை தெரியாது, நெற்றியில் பொட்டைப் பார்த்தார், கொடுத்துவிட்டார்.

இப்போது கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். உங்களுக்காகச் சொல்ல வந்த இடம் இதுதான். மாடியில் கெட்டிமேளத்துக்குத் தயாராகிற சத்தம் கேட்கிறது. பாஸ்கர் கண்ணாலேயே கெஞ்சுகிறான். தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தால் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான், பொய் சொல்லமாட்டேன், கை பரபரத்தது. அந்த கௌரவம் ஒருமுறையாவது கிடைக்காதா என்று ஏங்கியவள் நான். ஆனால் நான் வாங்கிக்கொண்டால் அது கற்பகத்திடமிருந்து வாங்கிக்கொண்டதாகத்தான் ஆகும்.

பக்கத்தில் மைக் இருந்தது. உங்களில் சிலர் அதைப் பிடித்திருப்பீர்கள். பெண்ணுரிமை, மூடநம்பிக்கை என்று நன்றாகவே பேசியிருப்பீர்கள், கைதட்டலும் விழுந்திருக்கும். அந்தப் பெரியவர் துண்டை உதறிக்கொண்டு சொந்தபந்தத்தோடு வெளியே போயிருப்பார். மீதிக் காலம் முழுக்க அந்தப் பேச்சைக் கற்பகம்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். நமக்கென்ன, நாம் அடுத்த மண்டபத்துக்குப் போயிருப்போம். நான் மைக்கை நகர்த்திவைத்துவிட்டு, கோதண்டம் பக்கமாகச் சாய்ந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினேன்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரும் இல்லீங்க. போய் ரொம்ப வருஷமாச்சு."

அவர் என் நெற்றியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மறுபடி என் நெற்றியைப் பார்த்தார்.

"தட்டை வாங்கிட்டேனே. இப்ப என்ன பண்ணலாம்? நீங்க பெரியவங்க, நீங்களே சொல்லுங்க."

எம்.எல்.ஏ. கையிலிருந்து தட்டைப் பிடுங்க முடியுமா? மனிதருக்கு வேர்த்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க எம்மெல்லேம்மா. உங்களுக்கு அதெல்லாம் இல்லை" என்றார்.

"அப்போ அடுத்த எலெக்‌ஷன்ல தோத்துட்டா மறுபடி வந்து ஒட்டிக்குமா?"

அவர் வாயோரத்தில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், மீசை காட்டிக்கொடுத்துவிட்டது.

"என்னை எம்மெல்லே ஆக்கினதே கற்பகம் மாதிரி ஆளுங்க போட்ட ஓட்டுதான். அவங்க குடுத்து எனக்கு வந்த மரியாதை, அவங்களுக்கே இல்லேன்னா எப்படிங்க?" என்றேன். அவர் கதவுப் பக்கம் பார்த்தார். "நான் கூப்பிட்டா அவங்க வரமாட்டாங்க. பையன் கூப்பிட்டும் வரலை. நீங்க ஒருத்தர் கூப்பிட்டாத்தான் வருவாங்க. உங்க வார்த்தைதான் அவங்களுக்குப் பெருசு."

இது முகஸ்துதி இல்லை. அப்பட்டமான உண்மை. அவள் கண் மகன் மேலும் இல்லை, என் மேலும் இல்லை, அவர் மேல்தான் இருந்தது.

கோதண்டம் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார். அப்புறம் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு அதட்டல் போட்டார்.

"ஏம்மா கற்பகம், அங்க நின்னுகினு இன்னா பண்றே? நேரம் போது, வா."

என்னவோ அவளாகப் போய் ஒளிந்துகொண்ட மாதிரி, அத்தனை தாமதமும் அவளால்தான் என்கிற மாதிரி. மாப்பிள்ளைக்குச் சுருக்கென்று கோபம் வந்து வாயைத் திறந்தான். நான் அவன் தோளில் கை வைத்து அழுத்தினேன். விடுடா தம்பி, அந்த அதட்டல் அவருக்கு வேண்டும். இறங்கிவருகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டாமா? நீங்கள் எந்தச் சண்டையை முடித்துவைத்தாலும் இதை மறக்காதீர்கள்.

கற்பகம் வந்தாள். நடையா ஓட்டமா என்று தெரியாத ஒரு வேகம். கோதண்டம் என் கையிலிருந்து தட்டை வாங்கி, அவரே அவளிடம் நீட்டினார். கரிப்பெட்டி சுட்ட தழும்புகள் மணிக்கட்டு வரை இருந்த அந்தக் கை தாலியை எடுத்தது. "பாத்து, பாத்து" என்றார் கோதண்டம், கீழே ஒரு கையை ஏந்தலாகப் பிடித்துக்கொண்டு. ஐயர் அவசரமாக மந்திரம் சொன்னார். நாதஸ்வரக்காரர் அன்றைக்கு வாசித்த மாதிரி மாடியில்கூட வாசித்திருக்கமாட்டார்கள். நான் அட்சதையைப் போட்டுக்கொண்டே அழுதேன். போட்டோவில் மூக்கு சிவந்து பிசாசு மாதிரி இருக்கிறேன், பாஸ்கர் இன்னும் அதை வைத்துக்கொண்டு கிண்டல் செய்கிறான்.

மாடிக்குப் போனபோது தாலி கட்டி முடித்து, மாப்பிள்ளையும் பெண்ணும் பந்திக்கே போய்விட்டார்கள். அண்ணாச்சி முகம் புளித்துப்போயிருந்தது. "எங்கம்மா போயிட்டிய? முகூர்த்தம் முடிஞ்சு போச்சுல்லா" என்றார். கீழே ஒரு கல்யாணம் என்றேன். "அந்தக் கல்யாணத்துக்கா பத்திரிகை வச்சாவ?" என்று கேட்டார். இல்லை என்றேன், உள்ளதைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்தத் துண்டையாவது கழத்திட்டு வந்திருக்கலாம். எங்க கடைத் துண்டு. விலைச்சீட்டு தெரியுது" என்றார். அப்போதுதான் பார்த்தேன், அவர் கடையின் சீட்டேதான். மனிதர் சிரித்துவிட்டார். எனக்கு ஒரு கரண்டி பாயசம் கிடைத்தது. ஆனாலும் கட்சியில் ஒரு வாரம் திட்டு வாங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல காரியம் செய்தால் திட்டு விழாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம் ஒரு தேர்தலில் தோற்றேன், அதற்கடுத்ததில் சீட்டும் கேட்கவில்லை. முன்னாள் எம்.எல்.ஏ.வுக்கு வரும் பத்திரிகைகளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், வராது. முகூர்த்த நாளில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும். எங்காவது நாதஸ்வரம் கேட்டால் கால் தானாகச் செருப்பைத் தேடும்.

போன மாதம் வாசலில் ஒரு குரல். வெற்றிலைபாக்குத் தட்டோடு கற்பகம் நின்றாள். பேத்திக்குக் காதுகுத்து. "இந்த வாட்டி ஒரே ஹாலுதாம்மா. தப்பா போறதுக்கு வேற கல்யாணமே இல்லை" என்றாள். அன்றைக்கு நான் ஹால் மாறி வந்தது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. கோதண்டத்தைப் பற்றிக் கேட்டேன். போன வருஷம் தவறிவிட்டாராம். "கடைசி வரைக்கும் உங்களப் பத்திச் சொல்லிகினே இருப்பாரு. எம்மெல்லே அம்மாவயே அன்னிக்கு நான்தான் மடக்கினேன்னு" என்றாள். சொல்லட்டும். அவர் சொன்னதுதான் சரி.

அபிராமபுரத்தில் சின்ன ஹால். பாஸ்கரும் கூட வந்தான், பழைய பழக்கம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்தார்கள். பெரியவர்கள் முதலில் வந்து சந்தனம் பூசி ஆசீர்வாதம் செய்ய வேண்டும். "யாரும்மா மொதல்ல?" என்று கேட்டான் சரவணன். நான் திரும்பிப் பார்த்தேன். சமையல்கூடத்து வாசலில், கதவோடு ஒட்டிக்கொண்டு, வெறும் நெற்றியோடு ஒரு அம்மாள் நின்றார். கோதண்டத்தின் மனைவி. யார் அவரை அங்கே நிற்கச் சொன்னார்கள்? யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். தானாகவே போய் நின்றிருப்பார். எனக்குத் தெரியும், நானும் அந்த இடத்தில் நின்றவள்தான்.

கையை ஊன்றி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேன். அதற்குள் கற்பகம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு அதட்டல் போட்டாள்.

"ஏன்க்கா, அங்க நின்னுகினு இன்னா பண்றே? நேரம் போது, வா."

அந்த அம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. "கிளம்பலாமாக்கா?" என்றான் பாஸ்கர், அவன் வாய்க்கு அது பழகிவிட்டது. உள்ளேயிருந்து முருங்கைக்காய் சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது. "போடா. இலை போடச் சொல்லு" என்றேன். அன்றைக்கு முதல் பந்தியில் உட்கார்ந்து, சாம்பார், ரசம், மோர் என்று ஒன்று விடாமல், பாயசம் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.